4.3 ஜி.பி.ஏ. இருந்தும் பெர்க்லி ஏன் உறுதியில்லை?

கேள்வி: "கலிபோர்னியாவில் ஒரு பொதுப்பள்ளியில் என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். எல்லாப் பாடத்திலும் ஏ கிரேடு, ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரிப் புள்ளி) 4.3. பெர்க்லியிலோ யூ.சி.எல்.ஏ.விலோ கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்குமா? அடுத்த வருடம் இன்னும் எத்தனை ஏ.பி. (பள்ளியிலேயே எடுக்கும் கல்லூரி நிலைப் பாடம்) எடுக்க வேண்டும்? டெக்சஸில் இருக்கும் தம்பி மகனுக்கு அங்குள்ள ஆஸ்டின் பல்கலைக்கழகத்தில் தானாகவே இடம் கிடைத்துவிட்டது. இங்கே ஏன் அப்படி இல்லை?"

கிடைக்கலாம். ஆனால் கிடைத்துவிடும் என்று வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள்.

நம்மில் பெரும்பாலோர் கட்-ஆஃப் பார்த்து வளர்ந்தவர்கள். மதிப்பெண் வரிசையில் மேலிருந்து கீழாக இடங்களை நிரப்பிக்கொண்டே வருவார்கள். அமெரிக்காவில் பிள்ளை வளர்க்கும்போதும் அந்தக் கணக்கு மனதைவிட்டுப் போவதில்லை. அதனால்தான் "4.3க்கு எது கிடைக்கும்?" என்று கேட்கிறோம். எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்கள், பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது, எந்தப் படிப்பைக் கேட்கிறது, இந்த மூன்றும் தெரியாமல் 4.3 என்ற எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

முதலில் மாநிலம். கலிபோர்னியா 1960இல் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் போட்டது. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் பெர்க்லி, யூ.சி.எல்.ஏ. போன்ற வளாகங்கள் அடங்கிய கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு (யூ.சி.), முதல் மூன்றில் ஒரு பங்கினர் மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பான கால் ஸ்டேட்டின் கல்லூரிகளுக்கு, மற்றவர்கள் இரண்டு ஆண்டுக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போய் அங்கிருந்து மாறி வரலாம். இன்றும் அந்த அடித்தளம் அப்படியே இருக்கிறது. மாநில அளவில் முதல் 9 சதவீதத்தில் வந்தாலோ, தன் பள்ளியில் முதல் 9 சதவீதத்தில் வந்தாலோ உங்கள் மகளுக்கு யூ.சி.யில் இடம் உண்டு என்று வாக்குறுதி இருக்கிறது. ஆனால் அது யூ.சி. அமைப்பில் எங்காவது ஓர் இடம், அதுவும் காலியிடம் இருந்தால். கேட்ட வளாகங்கள் எல்லாம் கைவிட்டால் பெரும்பாலும் மெர்செட்டிலிருந்துதான் அழைப்பு வரும். மெர்செட் 2005இல் தொடங்கிய நல்ல வளாகம். பெற்றோர் பலர் அதை ஒரு தண்டனைபோலப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

பெர்க்லிக்கும் யூ.சி.எல்.ஏ.வுக்கும் இந்த வாக்குறுதி பொருந்தாது. 2024 சேர்க்கைக்கு யூ.சி.எல்.ஏ.வுக்கு முதலாண்டு விண்ணப்பங்கள் மட்டும் 1,46,000 அளவில் வந்தன. சுமார் 9 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெர்க்லியில் ஏறக்குறைய 1,24,000 விண்ணப்பங்கள், சுமார் 11 சதவீதம் பேருக்கு இடம். இந்தக் கூட்டத்தில் எல்லாமே ஏ வாங்கிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஏ வாங்குவது உள்ளே நுழையத் தேவை, ஆனால் அங்கே யாரையும் பிரித்துக்காட்ட அது போதாது.

இனி அந்த 4.3. பள்ளி போடும் ஜி.பி.ஏ. வேறு, யூ.சி. போடும் ஜி.பி.ஏ. வேறு. ஒன்பதாம் வகுப்பு முடிந்த கோடை முதல் பதினோராம் வகுப்பு முடிந்த கோடை வரை எடுத்த, சேர்க்கைக்குத் தேவையான "ஏ முதல் ஜி வரை" என்ற பிரிவுப் பாடங்களை மட்டும்தான் யூ.சி. எண்ணும். ஏ.பி., அதைப் போன்ற ஐ.பி., அங்கீகரிக்கப்பட்ட ஆனர்ஸ் பாடங்களுக்கு செமஸ்டருக்கு ஒரு கூடுதல் புள்ளி தருவார்கள். ஆனால் மொத்தம் 8 செமஸ்டருக்கு மேல் கிடையாது, அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து 4தான் வரலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாணவி வருடத்துக்கு ஐந்து பாடம் எடுக்கிறாள், இரண்டு வருடத்தில் 20 செமஸ்டர் கிரேடு, எல்லாம் ஏ, ஒவ்வொரு ஏ-வுக்கும் 4 புள்ளி. 80 புள்ளியோடு கூடுதல் 8 சேர்ந்து 88. இருபதால் வகுத்தால் 4.40. இன்னொருத்தி ஆசைப்பட்டு இசையும் இன்னொரு மொழியும் சேர்த்து வருடத்துக்கு ஏழு பாடம் எடுக்கிறாள், அவளுக்கும் எல்லாம் ஏ. 28 கிரேடு, 112 புள்ளி, கூடுதல் 8, மொத்தம் 120. இருபத்தெட்டால் வகுத்தால் 4.29. அதிகம் படித்தவளுக்குக் குறைந்த எண்! இந்த எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் அநியாயம் என்று யூ.சி.க்கும் தெரியும். அதனால்தான் வளாகங்கள் கூடுதல் புள்ளி இல்லாத ஜி.பி.ஏ., உச்சவரம்பு வைத்தது, வைக்காதது மூன்றையும் பார்க்கின்றன. உங்கள் மகளின் 4.3 இவற்றில் எது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பள்ளித் தளத்தில் தெரியும் எண்ணாக இருந்தால் யூ.சி. எண் வேறாகத்தான் இருக்கும்.

இப்போது ஏ.பி. கேள்விக்கு வருகிறேன். அவள் இப்போது பதினோராம் வகுப்பு என்கிறீர்கள். அடுத்த வருடம் எடுக்கும் ஏ.பி. எதுவும் யூ.சி. ஜி.பி.ஏ.வில் ஒரு புள்ளிகூடச் சேர்க்காது, அது பன்னிரண்டாம் வகுப்பு என்பதால். எந்தப் பாடங்களை எடுத்திருக்கிறாள் என்பது மட்டும் விண்ணப்பத்தில் தெரியும், அதைப் பார்ப்பார்கள். கடைசி வருடத்தில் தளர்ந்துவிட்டாளா, கம்ப்யூட்டர் சயின்ஸ் கேட்பவள் கால்குலஸ் எடுக்கிறாளா என்று கவனிப்பார்கள். அதற்கு மூன்று, நான்கு கனமான பாடங்கள் போதும். ஆறு ஏ.பி. எடுத்து இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, அதில் இரண்டில் சி வாங்கினால் இழப்புதான். கிடைக்கும் இடமும் நிபந்தனையோடுதான் தருகிறார்கள். கோடையில் இறுதிச் சான்றிதழைப் பார்த்துவிட்டு இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டதும் உண்டு. பிள்ளைகளின் தூக்கத்தைக் காவு கொடுக்கும் இந்த ஏ.பி. எண்ணிக்கைப் போட்டியில், பன்னிரண்டாம் வகுப்பைப் பொறுத்தவரை, பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அடுத்தது பள்ளி. யூ.சி. விண்ணப்பத்தைப் படிப்பவர் உங்கள் மகளை அவள் பள்ளியோடு சேர்த்துத்தான் படிக்கிறார். அங்கே என்னென்ன பாடங்கள் இருந்தன, அவற்றில் அவள் எவற்றை எடுத்தாள், அதே பள்ளியிலிருந்து விண்ணப்பித்த மற்றவர்களோடு பார்த்தால் எங்கே நிற்கிறாள் என்ற விவரங்கள் அவர் முன் இருக்கும். இருபது ஏ.பி. பாடங்கள் இருக்கும் பள்ளியில் நான்கு எடுப்பதும், ஐந்தே இருக்கும் பள்ளியில் நான்கு எடுப்பதும் ஒன்றல்ல. "நல்ல பள்ளி" என்று தேடி, வாடகையோ வீட்டுக்கடனோ இரட்டிப்பாகக் கட்டிக் குடியேறிய நம் குடும்பங்களுக்கு இது கசப்பாக இருக்கும். நல்ல பள்ளியில் பிள்ளை நன்றாகவே படிக்கும், ஆனால் பக்கத்து மேசையில் இருப்பவனும் அதே பெர்க்லிக்குத்தான் விண்ணப்பிக்கிறான். யூ.சி. தகவல் மையத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு உயர்நிலைப்பள்ளியிலிருந்தும் எந்த வளாகத்துக்கு எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, அவர்களின் சராசரி ஜி.பி.ஏ. என்ன என்று பொதுவில் வைத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியின் பெயரைப் போட்டுக் கடைசி நான்கைந்து வருடத்தைப் பாருங்கள். வாட்ஸாப் குழுவில் ஒரு மாதம் பேசினாலும் கிடைக்காத தெளிவு அதில் அரை மணி நேரத்தில் கிடைக்கும்.

கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வான எஸ்.ஏ.டி.யைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லியாக வேண்டும். யூ.சி. அதைப் பார்ப்பதே இல்லை. 2020 மே மாதம் யூ.சி. ஆட்சிக்குழு ஒருமனதாக அதைக் கைவிட முடிவெடுத்தது; 2021இல் ஒரு வழக்கின் சமரசத்துக்குப் பிறகு முழுவதுமாகவே போய்விட்டது. 1600க்கு 1580 வாங்கினாலும் இடம் தருவதில் அதற்கு மதிப்பில்லை. இந்த முடிவை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அதே 2020 தொடக்கத்தில் யூ.சி.யின் சொந்தப் பேராசிரியர் குழு இதை ஆராய்ந்து, முதலாண்டில் மாணவர் எப்படிப் படிப்பார் என்பதை பள்ளி ஜி.பி.ஏ.வைவிடத் தேர்வு மதிப்பெண் நன்றாகவே சொல்கிறது, உடனே கைவிட வேண்டாம் என்று அறிக்கை கொடுத்திருந்தது. ஆட்சிக்குழு அதைத் தாண்டிப் போனது. பள்ளிகளில் ஏ கிரேடு தாராளமாகிக்கொண்டே போகும்போது வெளியிலிருந்து ஓர் அளவுகோல் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2025 நவம்பரில் சான் டியாகோ வளாகமே ஓர் அறிக்கை வெளியிட்டது. உயர்நிலைப்பள்ளி அளவுக்கும் கீழான கணிதத் தயாரிப்போடு வந்து சேரும் முதலாண்டு மாணவர் எண்ணிக்கை ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 30 மடங்கு கூடியிருக்கிறது என்கிறது அது. அந்தப் பிள்ளைகளுக்கும் அது நல்லதல்ல, இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளுக்கும் நியாயமல்ல.

மற்ற மாநிலங்கள் வேறு வழியில் போகின்றன. ஃப்ளோரிடா தேர்வைக் கைவிடவே இல்லை. ஜார்ஜியா டெக் கேட்கிறது, பர்டியூ மறுபடி கேட்க ஆரம்பித்துவிட்டது. ஆஸ்டின் 2025 சேர்க்கையிலிருந்து திரும்பக் கொண்டுவந்தது. மதிப்பெண் அனுப்பியவர்களின் முதல் செமஸ்டர் ஜி.பி.ஏ., அனுப்பாதவர்களைவிட 0.86 அதிகமாக இருந்தது என்று காரணமும் சொன்னது. ஆகவே வெளிமாநிலத்துக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அவள் தேர்வு எழுதட்டும்.

சரி, தம்பி மகன் கதை. டெக்சஸில் நடப்பது வேறு ஏற்பாடு. 1996இல் ஹாப்வுட் வழக்கின் தீர்ப்பு இன அடிப்படையிலான சேர்க்கையைத் தடுத்ததும், 1997இல் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் எந்த உயர்நிலைப்பள்ளியாக இருந்தாலும் அதில் முதல் 10 சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். மேற்கு டெக்சஸின் சிறு ஊர்ப் பள்ளிக்கும் ஹூஸ்டன் நகரப் பள்ளிக்கும் ஒரே விதி. எனக்கு இந்தச் சட்டத்தின் மீது மரியாதை உண்டு. யாருக்கு ஏன் இடம் கிடைத்தது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஆனால் ஆஸ்டின் அதிலேயே நிரம்பி வழிந்தது. 2009இல் சட்டத்தைத் திருத்தி, மாநில மாணவர்களுக்கான இடங்களில் 75 சதவீதத்தை மட்டும் இப்படி நிரப்பினால் போதும் என்றார்கள். அதனால் அந்த 10 சதவீதம் ஆஸ்டினுக்கு மட்டும் சுருங்கிச் சுருங்கி, நெடுநாள் 6 சதவீதமாக இருந்து, 2026 சேர்க்கைக்கு 5 சதவீதமாகிவிட்டது. டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் இன்னும் 10தான். ஆயிரம் பேர் படிக்கும் வகுப்பில் 5 சதவீதம் என்றால் 50 பேர். டாலஸ் புறநகர்களான பிளேனோ, ஃப்ரிஸ்கோ பக்கம் அந்த ஐம்பதுக்குள் நுழைய, ஜி.பி.ஏ.வின் தசமத்தில் மூன்றாவது இடத்துக்காகப் பிள்ளைகள் பாடம் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இன்னொன்று. தானாகக் கிடைப்பது பல்கலைக்கழகத்தில் இடம்தான், கேட்ட படிப்பில் அல்ல. கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங், பிசினஸ் மூன்றுக்கும் தனியாகப் பரிசீலனை உண்டு. உங்கள் தம்பி மகனுக்கு எந்தப் படிப்பு கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

படிப்புதான் இன்று போட்டியின் மையம். பத்து, பதினைந்து வருடத்துக்கு முன் பெர்க்லிக்குள் ஏதோ ஒரு படிப்பில் நுழைந்து, முதல் சில பாடங்களில் நல்ல மதிப்பெண் எடுத்துக் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறியவர்கள் நிறையப் பேர். உங்கள் அலுவலகத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள். அந்த வழியை நம்ப வேண்டாம். 2023 முதல் பெர்க்லி கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு நேரடியாகவே சேர்க்கிறது, பிறகு மாறுவது மிகக் கடினம். சான் டியாகோவும் சில படிப்புகளைத் தனியாக வகைப்படுத்தி, மாறுவதற்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறது. யூ.சி.எல்.ஏ.வில் இன்ஜினியரிங் கல்லூரிக்கு விண்ணப்பித்தால் கேட்ட படிப்பைப் பார்த்தே தேர்வு செய்கிறார்கள். கலை, அறிவியல் படிப்புகளுக்கான லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் பிரிவில் அப்படிப் பார்ப்பதில்லை. சில பெற்றோர் "முதலில் வரலாறு என்று போட்டு உள்ளே நுழைந்துவிடு" என்று ஆலோசனை சொல்கிறார்கள். வரலாற்றில் ஆர்வமில்லாத பிள்ளை நான்கு வருடம் அங்கே மாட்டிக்கொள்ளும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவளுக்கு உண்மையாகவே கணிதம் பிடிக்கும் என்றால் கணிதம், புள்ளியியல், காக்னிட்டிவ் சயின்ஸ் என்று யோசிக்கலாம். இலினாய் அர்பானா-ஷாம்பெயினில் மொழியியலோடும் பொருளாதாரத்தோடும் கம்ப்யூட்டர் சயின்ஸைச் சேர்த்துப் படிக்கும் பட்டங்களே இருக்கின்றன.

வெளிமாநிலத்தில் முயலும்போது அங்கே நீங்கள் வெளியாள் என்பதை மறக்க வேண்டாம். வட கரோலினா 1986 முதல் தன் சாப்பல் ஹில் பல்கலைக்கழகத்தில் வெளிமாநில முதலாண்டு மாணவர்களை 18 சதவீதத்துக்குள் வைத்திருக்கிறது. ஆஸ்டினில் 10 சதவீதம்தான். வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் மூன்றில் இரண்டு பங்கு சொந்த மாநிலத்தவர். கலிபோர்னியாவும் 2017இல் இப்படி ஒரு வரம்பு வைத்தது. வெளிமாநிலத்தவர் யூ.சி.க்கு வந்தால் வழக்கமான கட்டணத்துக்கு மேல், 2025-26 கணக்குப்படி, வருடத்துக்குச் சுமார் 37,600 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், அங்கே போகும் உங்களுக்கும் அதே நிலைமைதான்.

"நாம் இந்தியர்கள் என்பதால்தான் தள்ளிவிடுகிறார்கள்" என்ற பேச்சு உங்கள் காதுக்கும் வந்திருக்கும். யூ.சி.யைப் பொறுத்தவரை, 1996இல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய 209ஆம் முன்மொழிவு இனத்தைப் பார்ப்பதைத் தடைசெய்துவிட்டது. 2020இல் அதை நீக்க முயன்றபோதும் வாக்காளர்கள் மறுத்துவிட்டார்கள். 2023 ஜூனில் ஹார்வர்ட், வட கரோலினா வழக்குகளில் சேர்க்கையில் இனத்தைப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதால் யூ.சி. விதியில் எதுவும் மாறவில்லை, ஏற்கெனவே அங்கே அதுதான் விதி. பிள்ளையின் காதில் விழும்படி இதைப் பேசாதீர்கள். தன் உழைப்புக்குப் பயனில்லை என்று பதினாறு வயதில் ஒரு பிள்ளை நம்ப ஆரம்பித்தால் அதை மாற்றுவது கடினம்.

யூ.சி.க்குப் பொதுவாகப் பரிந்துரைக் கடிதம் கிடையாது. ஆசிரியர் யாரும் அவளுக்காகப் பேசப் போவதில்லை. எட்டுக் கேள்விகளில் நான்குக்கு, ஒவ்வொன்றுக்கும் 350 வார்த்தைக்குள் அவள் எழுதும் பதிலும், செயல்பாடுகளின் பட்டியலும்தான் பேச வேண்டும். பல வருடமாகத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் எழுதுவதைப் படித்துக் கருத்துச் சொல்லி வருகிறேன். ஒரு பையன் தலைமைப் பண்பு பற்றிய கேள்விக்கு, "ராபாட்டிக்ஸ் குழுவில் இருந்தது எனக்கு விடாமுயற்சியையும் ஒற்றுமையையும் கற்றுத் தந்தது" என்று ஆரம்பித்திருந்தான். யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வாக்கியம். குழுவில் நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். பேட்டரி சார்ஜ் போடுவது என் வேலை என்றான், கொஞ்சம் வெட்கத்தோடு. பேச்சுக் கொடுத்ததும் விஷயம் வந்தது. ஒரு போட்டியின் நடுவே ரோபோ நின்றுவிட்டது, காரணம் பழைய பேட்டரி. அதற்குப் பிறகு அவன் ஒவ்வொரு பேட்டரிக்கும் எண் ஒட்டி, எப்போது சார்ஜ் ஏறியது, எவ்வளவு வோல்ட் நின்றது என்று ஒரு தாளில் குறித்து, எது போட்டிக்கு எது பயிற்சிக்கு என்று பிரித்து, கீழ் வகுப்புப் பிள்ளைகள் இருவருக்கு அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டான். தலைவர் பதவி எதுவும் இல்லை. அந்தத் தாளைப் பற்றி எழுது என்றேன். இப்படிப்பட்ட பதிலில்தான் படிப்பவருக்கு ஒரு மனிதன் தெரிகிறான். அலங்கார நடை வேண்டாம், கேட்டதற்குச் சொந்த அனுபவத்திலிருந்து பதில் இருந்தால் போதும். காசு கொடுத்து எழுதி வாங்காதீர்கள்.

விண்ணப்பப் பட்டியல் என்று கேட்டால், பெர்க்லியையும் யூ.சி.எல்.ஏ.வையும் போடுங்கள், கூடவே டேவிஸ், சாண்டா குரூஸ், ரிவர்சைட், மெர்செட் என்று பரவலாகப் போடுங்கள். ஒரே விண்ணப்பம்தான், வளாகத்துக்கு 80 டாலர் கட்டணம். கால் ஸ்டேட் பக்கம் சான் லூயிஸ் ஒபிஸ்போவும் சான் ஹோசேயும் அவசியம். சான் ஹோசே ஸ்டேட் படிப்புவாரியாக எந்த எண்ணுக்கு மேல் இடம் கொடுத்தோம் என்று வெளியிடுகிறது; நமக்குப் பழகிய கட்-ஆஃபுக்கு மிக அருகில் இருப்பது அதுதான். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அங்கேயும் எண் உயரம்தான், ஆனால் எங்கே நிற்கிறோம் என்று தெரியும்.

கம்யூனிட்டி காலேஜ் என்றதும் முகம் சுளிக்கும் வழக்கத்தை நாம் விட வேண்டும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆறு வளாகங்களும் கம்யூனிட்டி காலேஜில் குறிப்பிட்ட பாடங்களைக் குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வோடு முடித்தவர்களுக்கு எழுத்துப்பூர்வமான இட உத்தரவாதம் தருகின்றன. அதை டேக் என்பார்கள். பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியாகோ தருவதில்லை. ஆனாலும் யூ.சி.எல்.ஏ.வுக்கு மாற்று மாணவராக விண்ணப்பிப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இடம் கிடைக்கிறது, முதலாண்டில் பதினொருவரில் ஒருவருக்குத்தான். ஒரு எச்சரிக்கை: டேக் எல்லாப் படிப்புக்கும் கிடையாது. சாண்டா பார்பராவின் இன்ஜினியரிங் கல்லூரிக்கு அது பொருந்தாது, கம்ப்யூட்டர் சயின்ஸ் அந்தக் கல்லூரியில்தான் இருக்கிறது.

கடைசியாக, நீங்கள் எச்-1பி வேலை விசாவிலும் மகள் அதைச் சார்ந்த குடும்ப விசாவான எச்-4இலும் இருந்தால் ஒரு வேலை இருக்கிறது. எச்-4 பிள்ளைகள் யூ.சி.யில் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெற முடியும், ஆனால் அது தானாக நடக்காது. இடம் கிடைத்த பிறகு வளாகத்தில் குடியிருப்பு அறிக்கை கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு மேல், அதாவது 366 நாள், இங்கே வசித்ததையும் இங்கேயே இருக்கும் நோக்கத்தையும் காட்ட வேண்டும். வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றையும் இப்போதே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். கூட்டாட்சி அரசின் உதவித்தொகை எச்-4க்குக் கிடையாது, எனவே குடும்பத்தின் பணக் கணக்கை அது இல்லாமலேயே போட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பம் ஆகஸ்ட் 1 திறக்கும், அக்டோபர் தொடங்கி நவம்பர் கடைசி வாக்கில் அனுப்ப வேண்டும். கடைசி இரண்டு நாளில் தளம் திணறும், அதற்கு ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள்.